மாமியாருக்குத் தெரியாத தாய்வீடு

விடுதிக் கணினிக்கு மாமியார் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைக் கை காட்டுவாள். ஆனால் பெயர் பொருந்தவில்லை என்று ஒருத்தியும் சொன்னதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மாமியார்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். இதற்கு விளக்கெண்ணெய்கூடத் தேவைப்படவில்லை.

திருப்பூரைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே இருந்தது அந்தப் பின்னலாடைக் கம்பெனி. அதன் பின்பக்கம் பெண்கள் விடுதி. சேரும் அன்றைக்கே போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். பாட்டுக் கேட்க, படம் பார்க்க, ஊருக்கு நாலு வரி எழுதிப் போட என்று எல்லாவற்றுக்கும் பொதுக்கூடத்தில் ஒரே ஒரு கணினி. ஒவ்வொருத்திக்கும் ஒரு முறை உண்டு. முறை வந்ததும் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அதுவும் ஒரு குற்றம். திரைக்கு மேலே கேமரா முகத்தைப் பார்க்கும். விரல் எவ்வளவு வேகமாகத் தட்டுகிறது, எந்தப் பாட்டில் நிற்கிறது, எதைத் தேடுகிறது என்று கவனித்து, அறைக் கூரைகளில் பதித்த மைக்குகளில் விழுவதையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருத்திக்கும் மாமியார் ஒரு மார்க் போடுவாள். மகிழ்ச்சி மார்க் என்று கம்பெனி அதற்குப் பெயர் வைத்திருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், வெளிநாட்டுக் கடைக்காரர்கள் இப்போது சட்டையோடு சேர்த்து அதைத் தைத்தவளின் மார்க்கையும் கேட்கிறார்கள். அழுதுகொண்டே தைத்த சட்டையை அந்த ஊர் மனிதர்கள் போட மாட்டார்களாம். நல்ல மனசுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மார்க் குறைந்தால் இங்கே யாரும் அழுகைக்குக் காரணம் தேடவில்லை, அழுதவளைத்தான் தேடினார்கள். பொங்கல் லீவு போகும். ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போகிற அனுமதி போகும். மாதா மாதம் மார்க் சீட்டு ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கும் போய்ச் சேரும்.

இசக்கியம்மாளுக்கு நாங்குநேரிப் பக்கம். பாலிடெக்னிக்கில் கணினி படித்தவள். படித்த வேலை கிடைக்காமல், செக்கிங் பிரிவில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கோயம்புத்தூரில் வேலை ஏதாவது இருக்கிறதா என்று விடுதிக் கணினியில் சும்மா தேடிப் பார்த்தாள். மறுநாளே நலஅலுவலர் சென்னியப்பன் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தேனில் தோய்த்த பேச்சு. எங்களை விட்டுட்டுப் போறதுக்கு உனக்கு மனசு வருதா கண்ணு என்று கேட்டார். அந்த வருஷம் அவளுக்குப் பொங்கல் லீவு இல்லை. அம்மாவைப் பார்க்காமல், யாரோ கொடுத்த கரும்பைக் கடித்துக்கொண்டு விடுதியில் கிடந்தாள். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் தாய்வீடு.

கணினி ஒரு முறை சிக்கி நின்றுபோனபோது, ஆள் வரத் தாமதமாகும் என்று விடுதிக் காப்பாளர் ராஜாமணியக்கா இவளைத்தான் கூப்பிட்டார். கடவுச்சொல்லையும் கொடுத்தார். திறந்து பார்த்த இசக்கிக்கு வாய் பிளந்துவிட்டது. பூதம் மாதிரி பலமுள்ள இயந்திரம், பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தது. பாலிடெக்னிக்கில் படித்த விர்ச்சுவல் மெஷின் பாடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. கணினிக்குள் பொய்யாக இன்னொரு கணினி. பொய்தான், ஆனாலும் உள்ளே உட்கார்ந்தவளுக்கு அது முழுக் கணினி. ரிப்பேரோடு ரிப்பேராக அதையும் கட்டி முடித்தாள்.

முதலில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாள். ஒரு சாயங்காலம் பக்கத்துக் கட்டில் பவுனு, முகம் வெளிறிப்போய், முறை வந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. பவுனம்மாள் அரூர்ப் பக்கத்துப் பெண், தையல் வரிசையில் வேலை, யாருக்கும் எதிர்த்துப் பேசத் தெரியாதவள். இசக்கி அவளைக் கணினிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் உட்கார்த்தி, உள்ளே திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றபடி தட்டினாள். மைக்குக்குப் பயந்து அவர்களுக்குள் பேச்செல்லாம் அங்கே எழுத்தில்தான்.

இது என்னக்கா என்று பவுனு எழுதிக் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள இன்னொரு வீடு கட்டுத மாதிரிட்டி. வெளி வீட்டுல மாமியா இருப்பா. இந்த வீடு இருக்கதே அவளுக்குத் தெரியாது. இது நம்ம தாய்வீடு. என்ன வேணும்னாலும் எழுது, அழு, திட்டு. மூடுனதும் வீட்டையே இடிச்சுப் போட்டுரும், ஒரு செங்கல்கூட மிஞ்சாது. அடுத்தவ வந்தா அவளுக்குப் புது வீடு."

மாமியார் நம்மளத் தேட மாட்டாளா என்று பவுனு கேட்டாள். அதற்கும் இசக்கி வழி பண்ணியிருந்தாள். ஒவ்வொருத்தியும் அதுவரை கணினியில் என்னென்ன செய்தாள் என்பதைப் பாடமாக ஊட்டி, அவளைப் போலவே நடிக்கிற ஒரு நிரலை எழுதியிருந்தாள். உள்ளே இருப்பவள் குமுறிக் குமுறி அழுதாலும், வெளியே மாமியாரின் கண்ணுக்கு அவளே காமெடி பார்த்துச் சிரிப்பாள், கல்யாண ஜாக்கெட் டிசைன் தேடுவாள், கேசரிக்கு எவ்வளவு நெய் என்று பார்ப்பாள். முகம்கூட அவள் முகமாகத்தான் போகும். ஓவர்டைம் முடிந்து வருகிறவர்கள் முறையைத் தவறவிட்டு மார்க் இழக்கக் கூடாதே என்று, ஆள் வராவிட்டாலும் முறை நேரத்தில் அந்தப் பொம்மை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்படி செய்திருந்தாள். தலை குனிந்து, சொன்னதற்கெல்லாம் சிரிக்கிற அந்தப் பொம்மைக்கு மருமகள் என்று பெயர். தாய்வீடு, மருமகள் என்ற இரண்டு பெயர்களும் யார் வாயிலும் வந்ததில்லை, உள்ளே எழுதியதோடு சரி.

பவுனுவிடமிருந்து மாரிக்கண்ணு, மாரிக்கண்ணுவிடமிருந்து அடுத்தவள் என்று, கொஞ்ச காலத்தில் அவர்கள் இருந்த விடுதி மாடி முழுக்க தாய்வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தது. பெரிய ரகசியம் எதுவும் அங்கே நடக்கவில்லை. பலரும் எழுதி அழுதுவிட்டு, எதையும் யாருக்கும் அனுப்பாமல் மூடிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போனார்கள். விடுதியின் மார்க் கிடுகிடுவென்று ஏறியது. சென்னியப்பன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். இசக்கி அந்த லட்டைத் தின்றபடி உள்ளுக்குள் சிரித்தாள். மாமியாரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று அப்படி ஒரு பெருமை.

பவுனு அங்கே எழுதியது லைன் இன்சார்ஜ் தயாளனைப் பற்றி. ஆடி மாசத்தில் ஆரம்பித்தது. தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் தோளில் கை வைப்பான், பிறகு கை தோளில் நிற்காது. இசக்கியிடம் சொன்னாள், இசக்கி அவனைத் திட்டித் தீர்த்தாள், அத்தோடு சரி. வேறு யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் மார்க் குறையும். மார்க் குறைந்தால் அப்பாவுக்குச் சீட்டுப் போகும். அப்பாவோ, தை பிறந்ததும் தங்கச்சி சின்னத்தாயியையும் இதே கம்பெனியில், இதே வரிசையில் சேர்த்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனிக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். தையல் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு, வாசலில் வாழைக்கன்று, பொரி கடலை, சுண்டல். விடுதியிலும் ராஜாமணியக்கா கணினிக்கு மாலை போட்டு, கீபோர்டில் சந்தனம் குங்குமம் வைத்து, பட்டுத்துணியால் மூடி, சரஸ்வதி படத்தை முன்னால் சாய்த்து வைத்தார். அன்றைக்கு அதை யாரும் தொடக் கூடாது. மாமியார் மட்டும் உள்ளே விழித்திருந்தாள். அவளை அணைக்க ராஜாமணியக்காவுக்கு அதிகாரம் கிடையாது.

எல்லாரும் பூஜைக்காகக் கூடியிருந்த அந்தச் சாயங்காலத்தில், வாழையிலைக் கட்டு எடுத்து வரலாம் வா என்று தயாளன் பவுனுவைத் துணி குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேளச் சத்தத்தில் அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

இரண்டு நாள் பவுனு வாய் திறக்கவில்லை. மூன்றாவது நாள், தாய்வீட்டில் எழுதி அழுவதோடு நிறுத்தாமல், நேராக அலுவலகத்துக்குப் போய் வாயால் சொன்னாள். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். சின்னத்தாயி இந்த வரிசையில் வந்து உட்காரக் கூடாது, அதற்கு அவன் இங்கே இருக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எழுத்து மூலம் கொடு என்றார்கள். ஆடி மாசத்திலிருந்து நடந்தது அத்தனையும் எழுதிக் கொடுத்தாள்.

விசாரணைக்குத் துணையாக ஒருத்தி வரலாம் என்றதும் இசக்கி கூடப் போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் சென்னியப்பனும் கணக்குப் பிரிவு அம்மாவும். விசாரணைக் குழுவில் வெளியாளாக உட்கார வேண்டிய வக்கீல் அன்றைக்கு வரவில்லை. பவுனு தேம்பித் தேம்பிச் சொன்னதை சென்னியப்பன் முழுக்கக் கேட்டார், தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ சொல்ற நேரத்துக்கு நீ குடோன்லயே இல்லியே கண்ணு. பொதுக்கூடத்துல மிசின் முன்னால உக்காந்து காமெடி பாத்துட்டு இருந்திருக்கற. மொகம் பதிவாயிருக்குது பாரு."

திரையில் பவுனு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் இல்லீங்க சார்."

"பின்ன ஆரு?"

பவுனு திரும்பி இசக்கியைப் பார்த்தாள். அது நான் செய்த பொம்மை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், மாடி முழுக்க இருக்கிற பெண்களின் லீவு போகும், தாய்வீடு இடிபடும். அவள் குனிந்து தன் கால் நகத்தைப் பார்த்தாள். வக்கீலையும் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் முடிவு செய்யலாம் என்று சென்னியப்பன் எழுந்தார்.

வெளியே வந்த பவுனு இசக்கியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது இசக்கிக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், அறிவிப்புப் பலகையில் பூஜைப் படங்களை ஒட்டியிருந்தார்கள். கம்பெனிக்காரர்களே எடுத்த படங்கள். ஒன்றில் விடுதிக் கணினி மாலையும் பட்டுத்துணியுமாக, முன்னால் சரஸ்வதியோடு, நாற்காலியே இல்லாமல் நின்றது. இசக்கி படத்துக்கு அருகில் போய் நின்று பார்த்தாள்.

மருமகளுக்கு அவள் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். எப்போது சிரிக்க வேண்டும், எதைத் தேட வேண்டும், பிழையாகத் தட்டிவிட்டு எப்படித் திருத்த வேண்டும் என்று அத்தனையும். ஆயுத பூஜை அன்றைக்கு யாரும் கணினியைத் தொட மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தாள். அது ஒரு பாடம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து கைப்பழக்கமாக இருப்பதை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? பவுனுவின் முறை வந்ததும், பட்டுத்துணிக்கு அடியில், சந்தனம் காய்ந்துகொண்டிருந்த கீபோர்டில், மருமகள் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஊரே பூஜையில் நின்றபோது அவள் மட்டும் காமெடி பார்த்திருக்கிறாள்.

இங்கேதான் இசக்கி சறுக்கினாள். நேராகப் போய் உண்மையைச் சொல்ல ஒரு வழி இருந்தது. தன் தலை தப்பிக்கவும் ஒரு வழி கிடைத்துவிட்டது. மனிதர்கள் அப்போது எதை எடுப்பார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பவுனுவைத் தாய்வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அத்தனையும் எழுதினாள். நீ பொம்மையைப் பற்றியே பேசாதே. பூஜை அன்றைக்கு மிஷினை யார் தொட்டது என்று மட்டும் வக்கீலைக் கேளு. பலகையில் இருக்கிற படத்தைக் காட்டு. பதிவு பொய்யென்று ஆகிவிடும். எப்படிப் பொய்யானது என்று அவர்கள் மண்டையைக் குடைந்துகொள்ளட்டும். பவுனு வெகு நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். இரண்டு பேரும் தாய்வீட்டை மூடினார்கள். எழுதியது எல்லாம் அழிந்தது.

அடுத்த வாரம் வக்கீல் ஹெலன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குரலில் கண்டிப்பு, கண்ணில் இரக்கம். பவுனுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பவுனு தன் கேள்வியைத் திக்கித் திக்கிக் கேட்டு முடித்ததும் வக்கீல் நிமிர்ந்தார். ஆயுத பூஜையன்றா என்று திருப்பிக் கேட்டார். எங்கள் ஆபீஸிலேயே அன்றைக்கு யாரும் பேனாவைத் தொட மாட்டார்களே என்றார்.

சென்னியப்பன் கொஞ்சமும் அசரவில்லை. வாங்க மேடம், நீங்களே பாருங்க என்று அந்த நாளின் பதிவைத் திறந்தார். ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறுமை.

"பூஜைக்காக அன்னிக்கு மிசினையே அணைச்சு வெச்சிருந்தமுங்க. போன வாரம் நாங்க பாத்தது அதுக்கு முந்தின நாள் பதிவுங்க. தேதி மாறிப் பாத்துட்டோம், தப்பு எங்களுதுதான்."

வக்கீல் கணக்குப் பிரிவு அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா சென்னியப்பனைப் பார்த்தார். பிறகு, ஆமாங்க மேடம், முந்தின நாள்தான் என்றார்.

சென்னியப்பன் அத்தோடு விடவில்லை. அன்றைய பதிவு இல்லாவிட்டால் போகிறது, மறுநாளையதைப் பாருங்கள், அதற்கு மறுநாளையதையும் பாருங்கள் என்று ஒன்றொன்றாகத் திறந்தார். பவுனு பாட்டுக் கேட்டாள். பவுனு கேசரி செய்முறை பார்த்தாள். பவுனு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி ஒரு கொடுமை நடந்த பொண்ணு மறுநாள் இப்பிடிச் சிரிக்குமா மேடம் என்று வருத்தமாகக் கேட்டார். வக்கீல் பவுனுவின் கையைப் பிடித்திருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

இசக்கி எழுந்து நின்றாள்.

"அந்தச் சிரிப்பு அவளுது இல்ல மேடம். நான் செஞ்ச பொம்ம. உள்ள இருந்து இவ அழுதுக்கிட்டிருப்பா, வெளிய அது சிரிக்கும். எல்லாருக்கும் நான்தான் செஞ்சு குடுத்தேன். என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. இவ சொல்லுதது பூரா நெசம்."

காட்டு என்றார் வக்கீல். எல்லாரும் பொதுக்கூடத்துக்கு நடந்தார்கள். இசக்கி கணினியில் உட்கார்ந்து, எத்தனையோ தடவை அழுத்திய அதே பொத்தான்களை அழுத்தினாள். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். தாய்வீட்டை வைத்திருந்த இடத்தில் போய்த் தேடினாள். துடைத்து மெழுகிவிட்ட தரை மாதிரி இருந்தது. கூட்டாளி மேல அவ்வளவு பிரியமுங்க, பாவம் என்று சென்னியப்பன் அவளுக்காகப் பரிந்து பேசினார். என் முன்னால் இருக்கிற சாட்சியத்தை வைத்துத்தான் அம்மா நான் எழுத முடியும் என்று வக்கீல் பவுனுவிடம் சொன்னார். புகார் நிரூபிக்கப்படவில்லை. பொய்ப் புகார் கொடுத்ததாகச் சொல்லிப் பவுனுவை ஊருக்கு அனுப்புவது என்று கம்பெனி முடிவு செய்தது. தயாளன் அன்று மாலையே வரிசையில் நின்றுகொண்டு தையல் பார்த்தான்.

வக்கீலின் கார் போன பிறகு இசக்கி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பூஜை நாள் பதிவு ஒரே வாரத்தில் எப்படிக் காணாமல் போனது? விசாரணைக்கு முன்னால் பூஜையைப் பற்றி அவளும் பவுனுவும் வாயைத் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. எழுதியதெல்லாம் ஒரே இடத்தில். சென்னியப்பன் படியேறி வந்தவர், அவளைப் பார்த்து நின்றார்.

"பயப்படாத கண்ணு, உன்ற வேலைக்கு ஒண்ணும் வராது. உன்ற மருமகளுகளாலதான் இந்த வருசம் நம்ம மார்க்கு மாவட்டத்துலயே ஒசத்தி. வெளிநாட்டுக்காரங்க அத்தன சந்தோசப்படறாங்க. அத ஏன் நாங்க கெடுத்துக்கப் போறோம்?"

மருமகள் என்ற சொல்லை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருவர் வாயால் கேட்டாள்.

"எப்பமிருந்து சார்?"

"மொத வாரத்துல இருந்தே. வீட்டுக்குள்ள நீ எத்தன வீடு வேணும்னாலும் கட்டிக்க கண்ணு, அடியில இருக்கற மனை எங்களுதுதானே? உள்ள எழுதறதெல்லாம் எங்க மனையிலதான விழுது. நீங்க இடிச்சுட்டுப் போறீங்க, அதுக்கு முன்னாலயே நாங்க பாத்துக்கறோம். ஒரு வகையில நல்லதுதான். வெளிய காட்டறதுக்கு மருமகளுக. உள்ள ஆரு என்ன நெனைக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க தாய்வீடு. நாளைக்குச் சாயங்காலம் திரும்பத் தொறந்து வெக்கச் சொல்லியிருக்கறேன். நீ பாட்டுக்கு எப்பவும் போல இரு."

தாய்வீடு என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கிண்டல் இல்லை. நல்ல பெயர் என்று நினைத்திருப்பார் போல.

மறுநாள் பவுனுவின் அப்பா வந்தார். மடித்த மார்க் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. மகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நல்லாத்தானம்மா இருந்துச்சி, மாசா மாசம் சந்தோசமா இருக்குதுன்னுதான சீட்டு வந்துச்சி என்று இசக்கியிடம் புலம்பினார். சின்னத்தாயியை அனுப்பிவிடாதிய ஐயா என்று இசக்கி கெஞ்சினாள். இவ பேர் கெட்டுப்போச்சி, அதுக்காகச் சின்னவ வாழ்க்கையும் போவணுமா என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பவுனு வாசலில் நின்று திரும்பினாள்.

"எங்கப்பாகூட அந்தப் பொம்மயத்தான்க்கா நம்பறாரு. நான் வூட்டுக்குப் போயி என்னா சொன்னாலும் அவ சிரிச்சது நிக்கும். அவளப் பாத்துட்டுத்தான் எந்தங்கச்சிய அனுப்பப் போறாரு."

இசக்கி ஓவென்று அழுதாள். பவுனு அழவில்லை. அவள் அழுது முடித்திருந்தாள்.

சாயங்காலம் பொதுக்கூடத்தில் வழக்கம்போல முறைக்குக் காத்திருந்தார்கள். தாய்வீடு திரும்பத் திறந்துவிட்டது என்று எப்படியோ சேதி பரவி, எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. ராமநாதபுரத்து மாரிக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து கையைச் சொடுக்கிக்கொண்டாள். இசக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளுக்கும் திரைக்கும் நடுவே நின்றாள். கேமரா பார்த்தது, மைக் கேட்டது. பார்க்கட்டும், கேட்கட்டும் என்று வாய்விட்டுப் பேசினாள்.

"உள்ள போவாதிய. தாய்வீட்டுலயும் மாமியாதான் இருக்கா. நாம எழுதுனது அம்புட்டையும் மொத வாரத்துல இருந்து படிச்சிருக்காவ. கட்டுனது நான். எனக்குத் தெரியாமப் போச்சு. தெரியும்னு பெருமையில இருந்துட்டேன்."

இப்போது என்னைப் பிய்த்து எறியப் போகிறார்கள் என்று இசக்கி நினைத்தாள். எறியட்டும் என்றும் நினைத்தாள். மாரிக்கண்ணு அவளைச் சங்கடமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்க்கா."

"என்னது?"

"ஆடி மாசம் தொட்டித் தண்ணியில புழு மெதக்குதுன்னு உள்ள எழுதுனேன். வெளியில ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மறுவாரமே ஆள் வந்து தொட்டியக் கழுவிட்டுப் போனாங்க. அப்பவே எங்க நாலஞ்சு பேருக்குப் புரிஞ்சுபோச்சு. அதுலருந்து வேணுங்கறத உள்ள எழுதிருவோம். காத்தாடி ஓடலன்னு எழுதுனோம், மாத்துனாங்க. சாம்பார் ஊசிப்போகுதுன்னு எழுதுனோம், சரியாச்சு. ஒங்ககிட்டச் சொன்னா மூடிப்புடுவீங்கன்னுதான் சொல்லல. நேருல சொன்னா மார்க்கு போகும். உள்ள எழுதுனா நடக்குது. நமக்கென்ன, நடந்தாச் சரின்னு..."

பேசிக்கொண்டே வந்த மாரிக்கண்ணு பாதியில் நின்றாள். அவள் முகம் மெல்ல மாறியது. சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருத்தி, பவுனுவின் புகாரில் இருந்ததை முணுமுணுப்பாகச் சொன்னாள், பவுனும் ஆடியிலருந்துதான தயாளனைப் பத்தி உள்ள எழுதியிருப்பா என்று.

மாரிக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ரெண்டையும் ஒண்ணாத்தான படிச்சிருப்பாங்க" என்றாள். "தொட்டிய மட்டும் கழுவியிருக்காங்க."

அடுத்த முறை யாருடையது என்று அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை.